வெளியீட்டின் வடிவக் குறிகள்: ஃபோர்ட்ரான் முதல் பைத்தான் வரை

கணிப்பொறியின் நினைவகத்தில் எண்கள் 0, 1 ஆகிய இரண்டே இலக்கங்களின் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைப் படிக்க வேண்டிய மனிதருக்கோ பதின்ம இலக்கங்களும், தசமப் புள்ளியும், இலக்கங்களைப் பிரித்துக் காட்டும் காற்புள்ளியும், ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்படும் நெடுவரிசைகளும் தேவைப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான மாற்றத்தை நிரல் எழுதுபவர் எவ்வாறு விவரிப்பது என்பதே வெளியீட்டு வடிவமைப்பு எனப்படும் சிக்கலாகும். நிரலாக்கப் பாடநூல்கள் பலவும் இதனைத் தொடக்க அத்தியாயத்தில் சில பக்கங்களில் முடித்துவிடுகின்றன. ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு புதிய மொழியும் இதற்குப் புதியதொரு விடையைத் தேடியிருப்பதைப் பார்த்தால், இது அவ்வளவு எளிதில் முடிகிற விவகாரம் அன்று எனத் தெரிகிறது. வடிவத்தைச் சுட்டும் குறிகள் வெறும் உரைபோலத் தோன்றினாலும், அவை நிரலாக்க மொழிக்குள் இயங்கும் ஒரு தனிச் சிறுமொழியாகும். அந்தச் சிறுமொழியை யார், எப்போது படித்துச் சரிபார்க்கிறார்கள் என்பதில்தான் இத்துறையின் வெற்றிகளும் விபத்துகளும் அடங்கியுள்ளன.

ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு 704 என்னும் கணிப்பொறிக்காக உருவாக்கி 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி, வடிவத்தைத் தரவிலிருந்து முற்றிலும் பிரித்து வைத்தது. எந்த மாறிகளை அச்சிட வேண்டும் என்பதை ஒரு கூற்றும், அவை எந்த உருவில் அமைய வேண்டும் என்பதை எண்ணிடப்பட்ட மற்றொரு கூற்றும் சொல்லின. பின்னதில் ‘ஐ’ என்னும் எழுத்தும் அதனையடுத்து 5 என்னும் எண்ணும் வந்தால், முழு எண் ஒன்றை ஐந்து இடங்களுக்குள் வலப்பக்கம் ஒட்டி அச்சிடு என்று பொருள். ‘எஃப்’ என்னும் எழுத்தையடுத்து 10.2 என்று வந்தால், மொத்தம் பத்து இடங்களை ஒதுக்கி, அவற்றுள் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கங்கள் இருக்குமாறு பின்ன எண்ணை அச்சிடு என்று பொருள். ஒதுக்கப்பட்ட இவ்விடமே புல அகலம் எனப்படுகிறது; புள்ளியும் கழித்தல் குறியும்கூட அதற்குள் ஆளுக்கு ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். எண்பது நெடுவரிசை கொண்ட துளையட்டையில் தரவைப் பதித்துப் பழகியவர்களுக்கு, ஒவ்வொரு எழுத்தும் எந்த இடத்தில் விழும் என்பதை முன்கூட்டியே கணக்கிடுவது இயல்பான வேலையாகவே இருந்தது. மதிப்பு ஒதுக்கிய அகலத்தில் அடங்காவிட்டால் ஃபோர்ட்ரான் அந்த இடம் முழுவதையும் உடுக்குறிகளால் நிரப்பிவிடும். தவறான எண்ணைக் காட்டுவதைவிட எண்ணே இல்லாமற் போவது மேல் என்னும் இந்த முடிவு, பிற்கால மொழிகள் பலவற்றின் தாராளத்தைக் காட்டிலும் நேர்மையானது.

அதே மொழியின் வேறு இரண்டு வழக்கங்கள் அவ்வளவு பாராட்டுக்கு உரியவை அல்ல. முதலாவது, நிலையான சொற்களை அச்சிட அவற்றின் எழுத்துகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை முன்னே எழுதி, துளையட்டைக் கணக்குப்பொறியை உருவாக்கிய ஹெர்மன் ஹாலரித்தின் பெயரின் முதலெழுத்தை அதனோடு சேர்க்க வேண்டியிருந்தது. எண்ணிக்கையில் ஒன்று கூடினால், அடுத்திருக்கும் வடிவக் குறியும் சொல்லின் பகுதியாக விழுங்கப்பட்டுவிடும். இரண்டாவது, ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அச்சாகாமல், அச்சுப்பொறியின் தாள் நகர்வை ஆளும் கட்டளையாக எடுத்துக்கொள்ளப்பட்டது: வெற்றிடம் என்றால் அடுத்த வரி, 0 என்றால் ஒரு வரி விட்டு, 1 என்றால் புதிய பக்கம். இதனை மறந்து, 1234 என்னும் எண்ணை நான்கு இடப் புலத்தில் வரியின் தொடக்கத்திலேயே அச்சிட்டவருக்குப் புதியதொரு பக்கமும், அதன் உச்சியில் 234 என்னும் எண்ணும் கிடைத்தன. தரவும் கட்டளையும் ஒரே ஓடையில் கலந்து வந்தால், ஒன்று மற்றொன்றாகப் படிக்கப்படும் என்பதற்கு இத்துறையில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. இதே பிழை பின்னாளில் வேறு உருவில், பெரிய விலையோடு திரும்பி வந்தது.

வணிகக் கணக்குகளுக்கென 1959-இல் தொடங்கிய குழுவொன்றின் முயற்சியால் உருவாகி, கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக் மொழியின் செல்வாக்கைப் பெற்ற கோபோல், இச்சிக்கலை வேறு கோணத்தில் அணுகியது. அச்சில் தொகை எப்படித் தெரிய வேண்டுமோ அதனைப் படமாகவே வரைந்து காட்டுவது அதன் முறை. படத்தில் 9 இருக்கும் இடத்தில் ஓர் இலக்கம் கட்டாயம் வரும். இசட் என்னும் எழுத்து இருக்கும் இடத்தில் முன்னொட்டுச் சுழியம் மறைந்து வெற்றிடமாகும். உடுக்குறி இருந்தால், காசோலையில் எவரும் இடையில் இலக்கத்தைச் செருக முடியாதபடி அந்த வெற்றிடம் உடுக்குறியால் நிரம்பும். காற்புள்ளியை வரைந்த இடத்திலேயே காற்புள்ளி விழும் என்பதால், இலட்சம், கோடி என்று எண்ணும் இந்திய வழக்கப்படி 12,34,567.50 என்று அச்சிட இம்மொழியில் தனி ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. படத்தை அவ்வாறு வரைந்தாலே போதும். 2009-இல் வெளியான பைத்தான் 3.1 பதிப்பில் காற்புள்ளி இடும் வசதி சேர்க்கப்பட்டபோது, அது மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரிப்பதை மட்டுமே அறிந்திருந்தது என்பதை இதனோடு ஒப்பிட்டால், பழையது எல்லாவற்றிலும் பின்தங்கியது என்னும் எண்ணம் சற்றுத் தளரும்.

பேசிக், பாஸ்கல் ஆகியவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். டார்ட்மத் கல்லூரியில் 1964-இல் பிறந்த பேசிக், மாணவர்களை வடிவமைப்புச் சுமையிலிருந்து விடுவிக்க எண்ணி, காற்புள்ளி இட்டால் 15 இடங்கள் கொண்ட அடுத்த பகுதிக்குத் தாவுவது என்ற ஒரே விதியோடு தொடங்கியது. நிக்லாஸ் விர்த்தின் பாஸ்கல், மாறியின் பெயரையடுத்து முக்காற்புள்ளியிட்டு அகலத்தையும் தசம இடங்களையும் எழுதச் செய்தது. மாறியும் வடிவமும் ஒரே இடத்தில் நிற்பதாலும், கம்பைலர் இரண்டையும் சேர்த்தே பார்ப்பதாலும் பிழைக்கு இடம் குறைவு. நிரல் முழுவதையும் இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருளே கம்பைலர் ஆகும். பாஸ்கலின் இந்த நல்ல யோசனை பரவாமற்போனதற்கு, அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் வளர்ந்த வேறொரு வழக்கத்தின் அபாரமான வெற்றியே காரணம்.

அந்த வழக்கம் பிரிண்ட்எஃப் என்னும் செயற்கூறு. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் ரைட்எஃப் என்று இருந்த யோசனை, கென் தாம்சனின் பி மொழி வழியாகச் சி மொழிக்கு வந்து சேர்ந்தது. அச்சிட வேண்டிய சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் எழுதிவிட்டு, மதிப்பு வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியையும் ஓர் எழுத்தையும் இட்டால் போதும்: ‘டி’ என்றால் முழு எண், ‘எஸ்’ என்றால் எழுத்துச் சரம், ‘எஃப்’ என்றால் பின்ன எண். சதவீதக் குறிக்கும் எழுத்துக்கும் இடையில் அகலத்தையும் துல்லியத்தையும் செருகிக்கொள்ளலாம். இவ்வாறு குறிகள் பொதிந்த சொற்றொடர் வடிவச் சரம் எனப்படுகிறது. ஃபோர்ட்ரானில் பிரிந்து கிடந்த உரையும் வடிவமும் இங்கு ஒரே வரியில் இணைந்ததால், வெளியீடு எப்படி இருக்கும் என்பதை நிரலைப் படிக்கும்போதே ஊகிக்க முடிந்தது. படிக்க எளிமையான இப்பண்பே அதனைப் பெர்ல், பிஎச்பி, பைத்தான், ஜாவா, கோ என மொழிக்கு மொழி கொண்டு சென்றது.

எளிமைக்குக் கொடுத்த விலை வகைச் சரிபார்ப்பு. சி மொழியின் இலக்கணப்படி பிரிண்ட்எஃப் எத்தனை மதிப்புகளை, எந்த வகையில் பெறும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்படவில்லை. நிரல் ஓடும்போது வடிவச் சரத்தை எழுத்தெழுத்தாகப் படித்து, ஒவ்வொரு குறிக்கும் ஒரு மதிப்பு வந்திருக்கும் என்று நம்பி அச்செயற்கூறு எடுத்துக்கொள்கிறது. முழு எண்ணுக்குரிய குறியை எழுதிவிட்டுப் பின்ன எண்ணைக் கொடுத்தால், இன்றைய 64 பிட் லினக்ஸ் கணிப்பொறியில் அச்சாகும் இலக்கங்களுக்கும் கொடுத்த எண்ணுக்கும் எந்த உறவும் இருப்பதில்லை. அங்குப் பின்ன எண்கள் செயலியின் ஒரு தொகுதிப் பதிவகங்களிலும் முழு எண்கள் வேறொரு தொகுதிப் பதிவகங்களிலும் கைமாற்றப்படுகின்றன. பிரிண்ட்எஃப் முழு எண்ணைத் தேடிச் செல்லும் பதிவகத்தில் முந்தைய கணக்கின் எச்சம் ஏதேனும் கிடக்கும், அதுவே திரையில் வந்து நிற்கும். வடிவச் சரம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும்போது, ஜிசிசி போன்ற கம்பைலர்கள் தாமாக முன்வந்து அச்சரத்தைப் படித்து எச்சரிக்கை தருகின்றன. மொழியின் இலக்கணம் கேட்காத வேலையைக் கம்பைலர் செய்ய நேர்ந்ததே, வடிவச் சரத்தை உரையாக அன்றி நிரலாகவே கருத வேண்டும் என்பதற்குச் சான்றாகிறது.

இதன் கடுமையான பக்கம் 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் வெளிப்பட்டது. பயனர் தட்டச்சு செய்த உரையை அச்சிட விரும்பும் நிரலாளர், சரத்துக்குரிய குறியை எழுதி அதனோடு உரையைக் கொடுப்பதற்குப் பதிலாக, சோம்பலால் உரையையே வடிவச் சரமாகக் கொடுத்துவிடுவதுண்டு. உரையில் சதவீதக் குறி இல்லாதவரை இரண்டும் ஒன்றுபோலவே நடக்கும். குறி இருந்தாலோ, எவரும் கொடுக்காத மதிப்புகளைத் தேடிச் செயற்கூறு நினைவகத்துக்குள் இறங்கிவிடும். மேலும், அதுவரை அச்சான எழுத்துகளின் எண்ணிக்கையை நினைவகத்தில் எழுதிவைக்கும் ‘என்’ என்னும் குறியும் இச்சிறுமொழியில் உண்டு என்பதால், தாக்குபவர் படிப்பதோடு நில்லாமல் எழுதவும் முடிந்தது. கோப்புப் பரிமாற்றச் சேவையகமான டபிள்யூயு-எஃப்டிபிடி 2000-ஆம் ஆண்டில் இவ்வழியாகவே உடைக்கப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை: 2021-இல் சதவீதக் குறிகள் நிறைந்த பெயர் கொண்ட வைஃபை இணைப்பில் சேர்ந்த ஐபோன்கள் வைஃபை வசதியையே இழந்தன. அவ்வாண்டின் இறுதியில் உலகையே உலுக்கிய லாக்4ஜே குறைபாடும், பதிவேட்டில் எழுத வேண்டிய உரையை நூலகம் கட்டளையாகப் படித்ததால் விளைந்ததே. வரியின் முதல் எழுத்தைத் தாள் நகர்வாகப் படித்த ஃபோர்ட்ரானின் வழக்கத்துக்கும் இவற்றுக்கும் தன்மையில் வேறுபாடு இல்லை. அன்று வீணானது ஒரு தாள் மட்டுமே.

இதற்கு மாற்றாக எழுந்த முயற்சிகளுள் சி பிளஸ் பிளஸ் மொழியின் ஓடைகள் முதலில் குறிப்பிடத்தக்கவை. அங்கு வடிவச் சரமே இல்லை. மதிப்புகளும் அகலம், துல்லியம் ஆகியவற்றுக்கான கட்டளைகளும் இரட்டைக் கோணக்குறிகளால் கோக்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடையில் தள்ளப்படுகின்றன. வகைப் பிழை அற்றுப்போனது உண்மை. ஆனால் பதினாறடிமான எண் முறைக்கு மாற்றும் கட்டளை திரும்பப் பெறும்வரை நீடிக்க, அகலக் கட்டளை அடுத்த மதிப்போடு தீர்ந்துபோகும் என்பன போன்ற ஒழுங்கற்ற விதிகளும், ஒரு சொற்றொடர் எட்டுத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் தோற்றமும் பலரையும் பிரிண்ட்எஃப் பக்கமே திருப்பி அனுப்பின. எதிர்த் திசையின் எல்லையைக் காமன் லிஸ்ப் மொழியில் காணலாம்: அதன் வடிவச் சரம், எண்ணை ஆங்கிலச் சொல்லாகவும் ரோமன் எண்ணாகவும் எழுதும், பட்டியலைச் சுற்றிவரும், நிபந்தனை பார்க்கும். சிறுமொழி இவ்வளவு வளர்ந்தபின் அதனைப் படிக்கத் தனிப் பயிற்சியே தேவைப்படுகிறது.

இன்று நிலைபெற்றிருப்பது நெளிவு அடைப்புக்குறி மரபு. பைத்தான் மொழிக்கென 2006-இல் முன்மொழியப்பட்ட ஃபார்மேட் முறை, மதிப்பின் வகையைக் குறியில் சொல்லும் கட்டாயத்தை நீக்கியது. மதிப்பு தன் வகையைத் தானே அறியும் என்பதால், குறியில் விருப்பங்களை மட்டும் எழுதினால் போதும். 2016-இல் வந்த 3.6 பதிப்பு, மேற்கோள் குறிக்கு முன் ‘எஃப்’ எழுத்தை இட்டால் மாறியின் பெயரையே அடைப்புக்குறிக்குள் நேராக எழுதலாம் என்னும் வசதியைத் தந்தது. இந்த எஃப்-சரம், வடிவச் சரம்போலத் தோன்றினாலும் நிரலின் பகுதியாகவே முன்கூட்டிப் பகுக்கப்படுகிறது. வெளியிலிருந்து எவரும் அதனைக் கொடுக்க இயலாது. ரஸ்ட் மொழி வடிவச் சரத்தைக் கம்பைலரே படித்துச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கியது. சி பிளஸ் பிளஸ்ஸும் தன் 2020 தரத்தில், விக்டர் ஸ்வெரோவிச்சின் நூலகத்தைப் பின்பற்றி, இதே வழிக்கு வந்து சேர்ந்தது. பாஸ்கல் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த நிலைப்பாட்டுக்கு, பிரிண்ட்எஃப்பின் வாசிப்பு எளிமையை விட்டுவிடாமல், மொழிகள் சுற்றி வந்திருக்கின்றன.

வடிவக் குறி சரியாக இருந்தாலும் எண் சரியாக அச்சாகும் என்று சொல்லிவிட முடியாது. பதின்மத்தில் 0.1 என்று முடியும் பின்னம் இருமத்தில் முடிவில்லாது நீள்வதால், நினைவகத்தில் இருப்பது அதற்கு மிக நெருங்கிய வேறோர் எண்ணாகும். எத்தனை இலக்கங்கள் அச்சிட்டால், திரும்பப் படிக்கும்போது அதே எண் கிடைக்கும் என்னும் கேள்விக்கு 17 இலக்கங்கள் எப்போதும் போதும் என்பது பழைய விடை. அவ்விடையைப் பின்பற்றிய பைத்தானின் முந்தைய பதிப்புகள் 0.1 என்று கேட்டால் 0.10000000000000001 என்று காட்டித் தொடக்க மாணவர்களைத் திகைக்க வைத்தன. தேவையான மிகக் குறைந்த இலக்கங்களை மட்டும் கண்டறியும் முறையை கை ஸ்டீல், ஜான் வொயிட் ஆகியோர் 1990-இல் விரிவாக வெளியிட்டனர். அதனை விரைவுபடுத்தும் கிரிசு 2010-இலும் ரியூ 2018-இலும் வந்தன. ஆயினும் 2.675 என்னும் தொகையை இரண்டு தசம இடங்களுக்கு அச்சிடச் சொன்னால் 2.68-க்குப் பதிலாக 2.67 வருவதை இவை எவையும் மாற்றவில்லை. உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது 2.675-ஐவிட நூலிழை குறைவு என்பதால், அச்சிடும் செயற்கூறு கணக்குப்படிச் சரியாகவே நடந்துகொள்கிறது. கடையின் ரசீதில் இது பிழைதான். பணத்தைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாகவோ, பதின்ம வகையிலோ சேமிக்காமல், அச்சிடும் நேரத்தில் இதனைச் சரிசெய்ய முயல்வது வீண்.

வெளியீடு மனிதரின் மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ப மாற வேண்டியிருக்கும்போது சிக்கல் வேறு தளத்துக்கு நகர்கிறது. ஜெர்மனியில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறி 1.234,56 என்று எழுதப்படுகின்றன. இந்தியாவில் 12,34,567 என்று எழுதப்படும் எண் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 1,234,567 ஆகிறது. தமிழ் இம்மூன்று நாடுகளிலும் வழங்குவதால், மொழி தமிழ் என்று மட்டும் அறிந்த நிரலுக்குக் காற்புள்ளியை எங்கு இடுவது என்று தெரியாது. நாட்டையும் சொல்லியாக வேண்டும். இவ்வழக்கங்களைத் தொகுத்துவைக்கும் யூனிகோடு கூட்டமைப்பின் சிஎல்டிஆர் தரவுத்தொகுப்பும், அதனைப் பயன்படுத்தும் ஐசியு நூலகமும் இவ்வேலைக்கு உரிய கருவிகள். ஆனால் இங்கு ஒரு முரண் எழுகிறது. பாதுகாப்பின் பொருட்டு வடிவச் சரம் நிரலுக்குள் பூட்டப்பட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுப்பதற்கோ அது நிரலுக்கு வெளியே தனிக் கோப்பில் இருக்க வேண்டும். எஃப்-சரம் மொழிபெயர்ப்புக்கு உதவாமற்போவது இதனால்தான்.

எழுத்துகளை எண்ணுவதில் உள்ள இடர் தமிழில் தெளிவாகத் தெரியும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் படிப்பவர் காண்பவை மூன்று எழுத்துகள். யூனிகோடு குறியீட்டில் அவை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள். பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் பதினைந்து பைட்டுகள். இச்சொல்லைப் பத்து இட அகலத்தில் அச்சிடச் சொன்னால், பைட்டுகளை எண்ணும் சி மொழி, அகலம் ஏற்கெனவே மிஞ்சிவிட்டது என்று ஒரு வெற்றிடமும் சேர்க்காது. குறியெண்களை எண்ணும் பைத்தான் ஐந்து வெற்றிடங்களைச் சேர்க்கும். எழுத்துத் தொகுதிகளைக் கணக்கில் கொள்ளும் சி பிளஸ் பிளஸ்ஸின் புதிய முறை ஏழு வெற்றிடங்களைச் சேர்க்கும். ‘நான்கு இடத்துக்கு மேல் வெட்டு’ என்று சி மொழியிடம் சொன்னால், த முழுதாகவும் ம மூன்றில் ஒரு பங்காகவும் வெளிவரும். எண்ணிக்கை சரியாக வந்தாலும் நெடுவரிசை நேர்படுவதில்லை. ‘ர’ பிடிக்கும் இடமும் ‘ணௌ’ பிடிக்கும் இடமும் ஒன்றாக இருக்க இயலாது. வெற்றிடங்களைக் கொண்டு பட்டியலை நேர்படுத்துவது துளையட்டைக் காலத்துச் சம அகல எழுத்துகளுக்குப் பொருந்திய உத்தி. தமிழ்ப் பட்டியல்களை இணையப் பக்க அட்டவணையாகவோ விரிதாளாகவோ வெளியிடுவதே முறை.

மற்றோர் இடர் இலக்கணம் சார்ந்தது. ஆங்கிலச் சொற்றொடரின் வரிசையில் நிற்கும் மதிப்புகள் தமிழில் இடம் மாறுவதற்கு, குறிகளுக்கு வரிசை எண் இடும் வசதி யூனிக்ஸ் தரங்களில் நெடுநாளாக உண்டு. பெயரிட்ட அடைப்புக்குறிகள் அதனை மேலும் எளிதாக்கின. வேற்றுமை உருபுக்கு அத்தகைய வழியில்லை. பெயர் வர வேண்டிய இடத்தையடுத்துக் ‘க்கு’ என்று எழுதிவைத்த வார்ப்பு, மணி போன்ற பெயர்களுக்கு மட்டும் சரியாக ‘மணிக்கு’ என அமைந்து, மற்ற இடங்களில் ‘மாலாக்கு’, ‘முருகன்க்கு’ எனத் தடுமாறும். மாலாவுக்கு, முருகனுக்கு என்று உடம்படுமெய்யும் சாரியையும் அறிந்து புணர்த்தும் வேலையைப் பொதுவான வடிவமைப்பு நூலகங்கள் செய்வதில்லை. இதற்கான தீர்வு அலுவலகத் தமிழிலேயே நெடுங்காலமாக இருந்துவருகிறது: ‘மாலா என்பவருக்கு’, ‘படங்கள் என்னும் கோப்புறைக்கு’ என்று எழுதினால், பெயர் திரியாமல் நிற்க, உருபு நிலையான சொல்லோடு சேர்ந்துகொள்கிறது. நடை சற்று விறைப்பாகத் தோன்றினாலும் இலக்கணம் பிழையாவதில்லை. தமிழில் மென்பொருள் வார்ப்புகளை எழுதுவோர் பெயரோடு உருபை நேரே ஒட்டுவதை விட்டு இம்முறையைக் கைக்கொள்ள வேண்டும். அதற்கு இடமில்லாத குறுந்திரைகளில் ‘பெறுநர்: மாலா’ என்று பெயரைத் தனித்து நிறுத்திவிடலாம்.